கேப் எருமைக்கு எந்தத் தோட்டா? காலிபருக்கு முன் குண்டைப் பாருங்கள்

தம்பி, உங்கள் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் இருக்கும் உங்கள் மாமா அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் கேப் எருமை வேட்டைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். உரிமம் பெற்ற நிறுவனம், கூடவே பி.எச். என்று அழைக்கப்படும் தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் வருவார். .375 ஹாலந்து அண்டு ஹாலந்து ரைபிளை அவர்களே வாடகைக்குத் தருகிறார்கள். என்ன தோட்டா வேண்டும் என்று மட்டும் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், நான்கு வகை சொல்லியிருக்கிறார்கள். மாமாவின் நண்பர் ஒருவர், ".375 எல்லாம் எருமைக்குப் பத்தாது, .458 எடு" என்கிறார். நீங்கள் சுட்ட அனுபவமெல்லாம் இங்கே சிங்கப்பூரில், தேசிய சேவையில்தான். எதைக் கேட்டு வாங்குவது?

என் பதில் இது. .375-ஐயே எடுங்கள். முதல் தோட்டாவாக 300 கிரெயின் (19.4 கிராம்) எடையுள்ள பாண்டட் சாஃப்ட் குண்டு, அதாவது உடம்பில் பட்டதும் விரியும், ஆனால் பிரியாத குண்டு. மேகசினில், அதாவது ரைபிளில் தோட்டாக்களை அடுக்கும் அறையில், அதற்குக் கீழே அதே எடையுள்ள, முனை தட்டையான சாலிட், அதாவது விரியாத குண்டு. இரண்டும் அந்த ரைபிளில் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று போய்ச் சேர்ந்த அன்றே சுட்டுப் பாருங்கள். பி.எச். வேறு ஏதாவது சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். இவ்வளவுதான் பதில். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், அங்கே யாராவது வேறு டப்பாவை நீட்டும்போது குழம்பிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோட்டா என்றால் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுசு. குண்டு என்றால் பறந்து போகும் தலை மட்டும். காலிபர் என்றால் குழலின் விட்டம்; .375, .458 எல்லாம் அங்குலக் கணக்கில் அதைச் சொல்பவை.

தேசிய சேவையில் நீங்கள் பழகிய எஸ்.ஏ.ஆர். 21 ரைபிளின் 5.56 மில்லிமீட்டர் குண்டு ஏறக்குறைய 4 கிராம். விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகம், ஆற்றல் 1,700 ஜூல் அளவு. .375-இன் 300 கிரெயின் குண்டு 19.4 கிராம். வேகம் அதைவிடக் குறைவு, விநாடிக்கு 770 மீட்டர்தான். ஆற்றலோ 5,800 ஜூலை நெருங்கும். இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோரும் ஆற்றலைப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னும் 1,000 ஜூல் கூடினால் எருமை சுருண்டு விழுந்துவிடும் என்று நம்புகிறார்கள். அப்படி விழாது. எருமையைச் சாய்ப்பது அதன் இதயத்தையோ இரண்டு நுரையீரல்களையோ கிழித்துக்கொண்டு போகும் துளைதான். அந்த ஆழம் வரைக்கும் குண்டு சிதறாமல், வளையாமல் போய்ச் சேருமா என்பதே கேள்வி.

முதிர்ந்த ஆண் எருமை 600 முதல் 800 கிலோ வரை இருக்கும். கழுத்திலும் தோளிலும் தோல் தடிப்பு. அதன் மேல் பெரும்பாலும் காய்ந்த சேறு. தோளுக்குள் கனத்த எலும்பு, அப்புறம் அகலமான விலா எலும்புகள். இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மேலே சுட்டுவிடுகிறார்கள், உடம்பின் நடுவைக் குறிபார்த்து. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின் விளிம்பை ஒட்டி மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைக்க வேண்டும். இன்னொன்று, பின்பக்கத்திலிருந்து சாய்வாகச் சுட்டால் குண்டு முதலில் இரைப்பைக்குள் போகும். அந்த இரைப்பை ஈரப் புல் திணித்த மணல் மூட்டை மாதிரி; நல்ல நல்ல குண்டுகளே அதற்குள் நின்றுபோகும். குண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதல் வெடியை அந்தக் கோணத்தில் வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காயப்பட்ட எருமை அடர்ந்த புதருக்குள் போய் நின்றுகொள்ளும். அதைத் தேடிப் போயே ஆக வேண்டும். அப்போது முன்னால் நடப்பவர் தடம் பார்ப்பவர். பல இடங்களில் அவர் கையில் துப்பாக்கியே இருக்காது. தரையைப் பார்த்துக் குனிந்தபடி போவார். உங்கள் தோட்டாத் தேர்வின் விலையை முதலில் கொடுக்கப்போவது அந்த மனிதர். எருமையும் மணிக்கணக்கில் வலியோடு அலையும். ஒரு டப்பாவுக்குச் சில நூறு ராண்டு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

சரி, குண்டுக்கு வருவோம். இதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த சாதாரண சாஃப்ட் குண்டு என்பது செம்புக் கலவைக் கிண்ணத்துக்குள் ஈயம் ஊற்றியது போன்ற அமைப்பு, முனையில் ஈயம் வெளியே தெரியும். மானுக்கு அருமையானது. உடம்பில் பட்டதும் முனை விரிந்து காளான் வடிவத்துக்கு வரும், அகலமாகத் துளைக்கும். எருமையின் தோள் எலும்பில் பட்டால் செம்பு ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகளுக்கு எடை இல்லை, எடை இல்லாததற்கு ஆழம் போகும் வலு இல்லை. மேலோட்டமான ஒரு பெரிய காயம் மிஞ்சும், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: தூரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் குண்டு கிட்டத்தில் உடையும். கிட்டத்தில் வேகம் அதிகம், மோதலும் கடுமை. எருமை வேட்டையோ 80 மீட்டருக்குள், பல நேரம் அதில் பாதித் தூரத்தில் நடப்பது. "இதே குண்டில் 200 மீட்டரில் குடு மானை அடித்தேன், பிரமாதம்" என்று யாராவது சொன்னால், அந்த அனுபவம் இங்கே ஒத்துவராது.

இந்தப் பிரச்சினை பழசு. ஈய உருண்டையை வாய்வழியாகத் திணித்துச் சுட்ட காலத்திலேயே யானை வேட்டைக்காரர்கள் ஈயத்தில் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கெட்டிப்படுத்தினார்கள். சுத்த ஈயம் எலும்பில் பட்டு நசுங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். உறை போட்ட குண்டுகள் வந்த பிறகும் தலைவலி தீரவில்லை. அமெரிக்கரான ஜான் நாஸ்லர் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டபோது குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. அந்த எரிச்சலில் அவர் செய்ததுதான் 1948-இல் விற்பனைக்கு வந்த பார்ட்டிஷன் குண்டு. நடுவே ஒரு செம்புத் தடுப்புச் சுவர். முன்பாதி விரிந்து தேய்ந்து போனாலும் பின்பாதி ஈயம் சிந்தாமல் முன்னேறும். இன்றும் மதிப்புக்குரிய குண்டு அது. முன்பாதியை இழப்பதால் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும், அது ஒன்றே குறை.

அடுத்த படி பாண்டட். உறையையும் ஈயத்தையும் பற்றவைத்தாற்போல் ஒன்றாக்கிவிடுவது. பட்டதும் விரியும், ஆனால் ஈயம் உறையை விட்டுக் கழலாது. ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், ட்ரோஃபி பாண்டட் பேர் கிளா, ஆஸ்திரேலியாவின் வுட்லீ வெல்ட்கோர் எல்லாம் இந்தக் குடும்பம். ஏ-ஃப்ரேமில் தடுப்புச் சுவரும் உண்டு, முன்பக்க ஈயம் பிணைக்கப்பட்டும் இருக்கும். உங்களுக்குச் சொன்ன நான்கில் அது இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஹார்னடியின் டி.ஜி.எக்ஸ். இருந்தால் டப்பாவில் பாண்டட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முன்பு வந்தது பிணைக்கப்படாதது, பிறகு வந்தது பிணைக்கப்பட்டது. பெயர் ஒன்று போலவே இருப்பதால் கடையில் மாறிவிடும்.

மூன்றாவது வகை, ஈயமே இல்லாத முழுச் செம்பு. பார்ன்ஸ் எக்ஸ் என்று 1980-களின் இறுதியில் வந்தது, இப்போது டி.எஸ்.எக்ஸ். என்ற வடிவில் கிடைக்கிறது. முனையில் ஒரு குழி. பட்டதும் நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய முழுதும் நிற்கும். செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் இதில் மட்டும் 300-க்குப் பதில் 270 கிரெயின் எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன், எடை சிந்தாததால் ஆழம் குறையாது. ஆனால் சில ரைபிள்களில் இது சொன்னபடி கேட்காது, கொத்தாக விழாமல் பரவலாக விழும். வாடகை ரைபிள் என்பதால் அந்தச் சோதனைக்கு உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் பாண்டட்டை முதலில் சொன்னேன்.

கப்பல் பழுதுபார்ப்பு வேலையாகச் சில ஆண்டுகள் டர்பனில் இருந்தபோது ஒரு பி.எச். எனக்கு நண்பரானார். எருமைகளை அறுக்கும்போது எடுத்த குண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு மாலை அதை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் போட்டுக் காட்டினார். பாண்டட் குண்டுகள் ஒரே அச்சில் வார்த்தது போல, பின்பக்கம் குழலின் கோடுகள் அப்படியே தெரிய, முன்பக்கம் ஈயமும் செம்பும் ஒட்டியபடி மடிந்திருந்தன. 300 கிரெயினில் 270, 280 நின்றிருந்தது. இன்னொரு சின்னப் பையில் சாதாரண சாஃப்ட் குண்டுகள். கிழிந்த செம்புச் சிம்புகள், உள்ளே ஈயமே இல்லை. தராசு முள் பாதியைக்கூடத் தொடவில்லை. "இந்தப் பையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நான் புதருக்குள் போயிருக்கிறேன்" என்றார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது எந்தப் பட்டியலைப் படித்தும் புரிந்திருக்காது.

இனி சாலிட். இது விரியவே விரியாது. பழைய வகை, எஃகு உறைக்குள் ஈயம், உருண்டை முனை. புதிய வகை, பித்தளையிலோ செம்புக் கலவையிலோ கடைசல் பிடித்த ஒரே துண்டு, தட்டை முனை. தட்டை முனை ஏன் என்றால், உருண்டை முனை சதைக்குள் போகும்போது சற்றே திரும்பி, திசை மாறி, சில நேரம் குப்புறக்கூடக் கவிழும். தட்டை முனை நேராகப் போகும். முன்னால் இருப்பதை நாலாபுறமும் தள்ளிக்கொண்டு போவதால் அது ஏற்படுத்தும் சேதமும் கூடுதல்.

யானைக்கு சாலிட் மட்டும்தான். யானையின் மூளை நான்கைந்து கிலோ இருக்கும், ஆனால் அதைச் சுற்றி நுண்ணறைகள் நிறைந்த எலும்பு பல அங்குலத் தடிப்புக்கு இருக்கிறது. விரியும் குண்டு அதற்குள்ளேயே நின்றுவிடும். இங்கேதான் பலரும் கரமோஜோ பெல் பெயரை இழுப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர், அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவால். "அவரே 7 மில்லிமீட்டரில் செய்தார், நமக்கு எதற்கு .375?" என்று கேட்பவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் போட்டது நீண்ட, 173 கிரெயின், முழு உறை போட்ட குண்டு. ஆழமாக, நேராகப் போகும். அதோடு யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கும் என்று படித்தவர். தன் வசதிப்படி நின்று சுட்ட தொழிலாளி அவர். ஒரு வாரம் விடுமுறை எடுத்துப் போகும் நமக்கு அவர் உதாரணம் ஆக மாட்டார். ஆனாலும், குண்டின் கட்டமைப்பு விட்டத்தைவிடப் பெரிது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

எருமைக்கு சாலிட் ஏன் முதல் தோட்டாவாக வேண்டாம்? எருமை கூட்டமாக நிற்கும். சாலிட் ஒன்றைத் துளைத்து வெளியே வந்து பின்னால் நிற்கும் மாட்டையும் அடிக்கும். பிறகு புதருக்குள் காயப்பட்டவை இரண்டு. அதனால் கூட்டத்துக்குள் சுடும் முதல் வெடி சாஃப்ட். வெடித்ததும் கூட்டம் ஓடும், உங்கள் எருமை பின்பக்கத்தைக் காட்டும் அல்லது உங்களை நோக்கித் திரும்பும். அப்போது நீளவாக்கில் முழு உடம்பையும் துளைக்க வேண்டும், அதற்குச் சாலிட். சில பி.எச்.-கள் இப்போது நல்ல பாண்டட் குண்டே கடைசிவரை போதும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் பழைய முறையையே விரும்புகிறேன், ஓடும் எருமை எந்தக் கோணத்தைக் காட்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சிங்கம், சிறுத்தை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோல் மெல்லியது, எலும்பு லேசு. அங்கே சாலிட் தவறு, ஊசிபோல் துளைத்துப் போய்விடும், விலங்கு உங்கள் மேல் பாயும் அளவுக்கு உயிரோடிருக்கும். சீக்கிரம் விரியும் சாஃப்ட் வேண்டும். நம் தீவிலும் புலி இருந்தது; 1930-இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டதுதான் கடைசிப் புலி என்கிறது பதிவு. அதற்கு முந்தைய நூற்றாண்டில், மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடித் தோட்டங்களிலும் வேலை செய்த கூலிகளைப் புலிகள் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளையே துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த மெத்தென்ற ஈய உருண்டை புலிக்குப் பொருத்தமே. அதே உருண்டையோடு எருமை முன் நிற்க முடியாது.

இப்போது மாமாவின் நண்பர் சொன்ன .458. அவர் சொல்வதில் பாதி உண்மை. பெரிய குழல் பெரிய துளை போடும், மறுக்கவில்லை. சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பாருங்கள். ஜிம்பாப்வேயில் யானை, எருமை, நீர்யானைக்குக் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூலும் வேண்டும். நமீபியாவில் எருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல். .375 இரண்டையும் தாண்டுகிறது. 9.3 x 62 என்ற பழைய ஜெர்மன் தோட்டா விட்டத்தில் தேறும், வழக்கமான தயாரிப்பில் ஆற்றலில் தேறாது. தென்னாப்பிரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும், ஆனால் நடைமுறையில் .375-தான் தொடக்க அளவு.

1912-இல் வந்த .375-க்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. ஆப்பிரிக்காவில் மிகப் பரவலாகக் கிடைக்கும் பெரிய தோட்டாக்களில் இது ஒன்று. அதற்கு ஓராண்டு முன்னால் வந்த .416 ரிக்பி 400 கிரெயின் குண்டை விநாடிக்கு 730 மீட்டரில் அனுப்பும், 6,900 ஜூல். மனதார ஒப்புக்கொள்கிறேன், எருமைக்கென்றே ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலரும் அதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன், சுடுபவர் அதில் பழகியிருந்தால்.

.458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது. சாதாரண நீள ரைபிளில் அடங்க வேண்டும் என்று கூட்டைக் குட்டையாக வைத்தார்கள், மருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியதாயிற்று. சில தயாரிப்புகளில் மருந்து கட்டிதட்டி ஒழுங்காக எரியவில்லை, சொன்ன வேகம் வரவில்லை, யானைத் தலையில் குண்டு நின்றுபோன புகார்கள் வந்தன. ஜாக் லாட் என்ற அமெரிக்கர் மொசாம்பிக்கில் எருமையிடம் மாட்டி அடிபட்ட பிறகு, கூட்டை நீட்டி .458 லாட்டை உருவாக்கினார். லாட் 500 கிரெயினை விநாடிக்கு 700 மீட்டரில் தள்ளும். இன்றைய மருந்துகளில் .458 வின்செஸ்டரும் நம்பகமானதே, அந்தப் பழைய கெட்ட பெயர் இப்போது பொருந்தாது.

இந்திய வாசகர்களுக்குப் பிடிக்கும் ஒரு துணுக்கையும் சொல்லிவிடுகிறேன். 1900-களின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குள் .450 விட்டத் தோட்டாக்களைத் தடைசெய்தது. பழைய மார்ட்டினி-ஹென்றிப் படைத்துப்பாக்கிகளுக்கு அவை கலகக்காரர் கையில் பயன்பட்டுவிடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470, .475 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. அதில் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இன்றும் இரட்டைக் குழல் ரைபிள்களின் செல்லப்பிள்ளை. ஒரு விலங்கின் தோலோ எலும்போ தீர்மானிக்காமல் இந்தியாவின் அரசியல் தீர்மானித்த காலிபர் அது. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கூடு ஏன் அவ்வளவு பெரிசு என்பதற்கும் இந்தியா போன்ற நாடுகளின் வெயில்தான் காரணம். கார்டைட் என்ற அந்தக் கால வெடிமருந்து சூட்டில் அழுத்தம் கூட்டிவிடும், கூடு குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைத் தாழ்த்தினார்கள்.

ஆக .458 கெட்டது இல்லை. உங்களுக்கு இப்போது வேண்டாம், காரணம் பின்னுதைப்பு. .375 தோளில் இடிப்பது .308 ரைபிளைப் போல இருமடங்கு. .458 லாட் கிட்டத்தட்ட அதற்கும் இருமடங்கு. எஸ்.ஏ.ஆர். 21-ஐ மட்டும் சுட்டவருக்கு .375-ஏ பெரிய தாவல். உடம்பு அந்த இடியை எதிர்பார்த்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடும், தோளை முன்னே தள்ளும், குழல் கீழே போகும். நெஞ்சில் சரியாக வைத்த .375 வயிற்றில் வைத்த .458-ஐவிட எத்தனையோ மேல். இங்கே .375 பழக வழியில்லை. துப்பாக்கிச் சுடும் சங்கங்களில் சேர்ந்து ஏர் ரைபிளோ .22-ஓ நின்றபடி சுட்டுப் பழகுங்கள், விசையை மெதுவாக இழுக்கும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். லிம்போப்போ போனதும் மாமாவை மேகசினில் மாற்றி மாற்றி மருந்தில்லாத போலித் தோட்டாவும் நிஜத் தோட்டாவும் போடச் சொல்லுங்கள், எது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. போலித் தோட்டாவில் 'கிளிக்' என்று கேட்கும்போது குழல் முனை ஆடினால், உங்கள் உடம்பு பயப்படுகிறது. ஆடாமல் நிற்கும்வரை வேட்டைக்குக் கிளம்ப வேண்டாம். மூன்று கால் குச்சியில் சாய்த்து 50 மீட்டரில் பழகினால் போதும்; மேசையில் உட்கார்ந்து 200 மீட்டரில் கொத்துப் போடுவதால் இங்கே பயன் இல்லை.

ரைபிள் வாடகைக்கு என்பதால் சில விஷயங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டை முனை சாலிட் சில ரைபிள்களில் மேகசினிலிருந்து குழலுக்குள் ஏறும்போது விளிம்பில் தட்டும். வேட்டைக்கு எடுத்துப் போகப்போகும் தோட்டாக்கள் ஒவ்வொன்றையும், பாதுகாப்பான திசையில் குழலைப் பிடித்தபடி, பி.எச். பக்கத்தில் இருக்கும்போது மேகசின் வழியே ஏற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். தடங்கினால் அந்த வகையே வேண்டாம். அதைச் செய்யும்போது குண்டின் இடுப்பில் ஒரு சின்னப் பள்ளக் கோடு இருக்கும், கூட்டின் வாய் அதில் அழுந்தக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். கவ்வாவிட்டால், மேலே உள்ள தோட்டா வெடிக்கும்போது கீழே உள்ளவற்றின் குண்டு அதிர்ச்சியில் உள்ளே இறங்கிவிடும். ரைபிளைக் குறிசரி செய்ய ஒரு டப்பா, வேட்டைக்கு இன்னொரு டப்பா என்றால் இரண்டும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும். தோட்டாவை ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் போடாதீர்கள். இன்றைய மருந்து கார்டைட்டைவிடத் தேவலாம், ஆனாலும் சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். யாராவது அன்போடு இரட்டைக் குழல் ரைபிளை நீட்டினால், அது எந்தக் குண்டுக்காகச் சரிசெய்யப்பட்டதோ அதைத் தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள். இரண்டு குழலும் ஓரிடத்தில் சேர்வது அந்த ஒரு தோட்டாவுக்கு மட்டும்தான். பழைய குழல்களுக்கு முழுச் செம்பு, பித்தளைக் குண்டுகள் ஆபத்தும்கூட.

சிங்கப்பூர் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நம் சட்டம் இதில் இரக்கம் காட்டாது. உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்தாண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. நீங்கள் வாடகைக்கு எடுப்பது மிக நல்ல முடிவு. போகும்போதும் ஒன்றும் இல்லை, வரும்போதும் ஒன்றும் இல்லை. ஆனால் வேட்டை முடிந்து யாராவது, "முதல் எருமை, ஞாபகமாக வைத்துக்கொள்" என்று ஒரு தோட்டாவை உங்கள் சட்டைப்பையில் போடுவார்கள். சாங்கியில் ஊடுகதிர்ச் சோதனையில் அது நிற்கும். வெறும் கூடு, வெளியே எடுத்த குண்டு என்றாலும், முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவைக் கேட்காமல் கொண்டுவராதீர்கள். ஒருமுறை அணிந்த ஜாக்கெட்டின் உள்பையையும் பெல்ட்டின் மடிப்பையும் பெட்டி கட்டும் முன் தடவிப் பாருங்கள், பழைய தோட்டாக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கொம்பு, தோல் கொண்டுவர நினைத்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலிலேயே அனுமதி கேளுங்கள். யானைத் தந்தம் விற்பனைக்கு இங்கே 2021 செப்டம்பரிலிருந்தே தடை.

நிறுவனத்துக்குப் பதில் எழுதும்போது இப்படிக் கேளுங்கள். எந்தக் குண்டுக்கு ரைபிள் குறிசரி செய்யப்பட்டிருக்கிறது, எத்தனை மீட்டருக்கு. சாஃப்டும் சாலிடும் அதில் ஒரே இடத்தில் விழுகின்றனவா. பழகிப் பார்க்க எத்தனை தோட்டா ஒதுக்கலாம். ஒரு டப்பாவில் வழக்கமாக 20 இருக்கும். சாஃப்ட் இரண்டு டப்பா, சாலிட் ஒன்று கேளுங்கள், பெரும்பகுதி பழகுவதற்கே போகும், போகட்டும். பெல்ட்டில் சாஃப்டை இடப்பக்கம், சாலிடை வலப்பக்கம் வையுங்கள், கண்ணால் பார்க்காமல் கை போக வேண்டும். முதல் வெடிக்குப் பிறகு எருமை விழுந்ததா என்று நின்று பார்க்காதீர்கள். ரைபிள் தோளில் இருக்கும்போதே போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுங்கள், எருமை கண்ணை விட்டு மறையும்வரை சுடுங்கள். விழுந்துவிட்டது என்று பி.எச். சொன்ன பிறகும் பின்பக்கமாகச் சுற்றிப் போய், சாலிட் ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்வார். தயங்காமல் போடுங்கள்.